ஓட யாரும் சொல்லித்தர வேணாம், நிக்கத்தான் சொல்லித்தரணும்

புள்ளைங்களுக்கு ஓடுறதுக்கு டிரெய்னிங்கே தேவையில்ல. வாசக்கதவ தொறந்து விட்டா போதும், அதுங்கபாட்டுக்கு தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வந்துடும். கஷ்டம் எங்க இருக்குன்னா நிக்கிறதுல. ஓடிட்டு இருக்கப்ப பாதில டக்குன்னு நிக்கிறது, அடிக்க ஓங்குன கைய அப்படியே எறக்கிக்கிறது, தண்ணி டம்ளர தளும்பாம கொண்டாந்து குடுக்குறது, வாய் துறுதுறுன்னு இருந்தாலும் செத்த நேரம் அடக்கிக்கிறது, இதெல்லாம் தானா வராது, பழகிப் பழகித்தான் வரும். ஆனா நாம நாள் பூரா "சும்மா இருடா" "ஆடாதடா" "ஒரு எடத்துல உக்காரேண்டா"ன்னு தொண்டத்தண்ணி வத்த கத்துறோமே தவிர, எப்படி சும்மா இருக்குறதுன்னு ஒரு நாளும் காட்டித்தர்றதில்ல.

நாங்க இருக்குறது தஞ்சாவூர் ஜில்லா பாபநாசம் பக்கத்துல ஒரு கிராமம். சாயங்காலம் ஸ்கூல் வேன் வந்து எறக்கி விட்டதும் தெருப்புள்ளைங்க பாதி பேரு எங்க வீட்டு வாசல்லதான் கெடக்கும், காரணம் எங்க வாசல்ல சிமெண்ட் போடாம மண்ணா விட்டு வச்சிருக்கோம், எதிர்ல கொஞ்சம் எடமும் இருக்கு. என் பையனுக்கு நாலரை வயசு, எல்கேஜி. "வகுப்பில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை"ன்னு மிஸ் டைரில எழுதி அனுப்பிச்சாங்க. அத படிச்சு காட்டுனதும் என் மாமியார் சிரிச்சாங்க. "நாலு வயசு புள்ள அசையாம உக்காந்தாத்தான்மா டாக்டர்ட்ட காட்டணும்"ன்னாங்க. அது நெசம்தான். ஆனா ஒண்ணாப்பு போறதுக்குள்ள கொஞ்சமாச்சும் ஒடம்பு சொன்ன பேச்சு கேக்கணும்ல, அத அடிச்சு உருட்டாம எப்படி கொண்டாறதுன்னு தேட ஆரம்பிச்சதுலதான் இந்த வெளையாட்டுங்களெல்லாம் ஒவ்வொண்ணா திரும்பி வந்துச்சு. பாதிக்கு மேல நானே சின்னதுல ஆடுனது.

மூளை சமாச்சாரம் கொஞ்சம் இருக்கு, அத சுருக்கமா சொல்லிடறேன். நெத்திக்கு நேர் பின்னாடி இருக்குற பகுதிதான் "இரு, இப்ப வேணாம்"னு சொல்ற வேலைய பாக்குது. மத்த பகுதிங்க வளந்ததுக்கு அப்புறம் கடைசியா முதிர்ச்சி அடையுறது இதுதான், இருபது வயசு தாண்டியும் அதுக்கு வேலை முடியாது. அப்படின்னா நாலு வயசு புள்ளைக்கு அது எந்த லட்சணத்துல இருக்கும்னு யோசிச்சு பாருங்க. ஆனா மூணுலேருந்து ஆறு வயசுக்குள்ள அது வேகமா வளருது, அந்த நேரத்துல அதுக்கு மூணு வேலை குடுக்கணும்: ரூல ஞாபகத்துல வச்சுக்கிறது, மொதல்ல கெளம்பி வர்ற ஆசைய புடிச்சு நிறுத்துறது, ரூல் மாறுனா தானும் மாறிக்கிறது. நோட்டு எழுத வச்சு இந்த மூணையும் நாலு வயசுல பழக்க முடியாது. குளம் கரை ஆடுனா ரெண்டே நிமிஷத்துல மூணும் வந்து நிக்கும்.

குளம் கரை எல்லாருக்கும் தெரியும்னு நெனைக்கிறேன், தெரியாதவங்களுக்கு சொல்றேன். மண்ணுல குச்சியால நீளமா ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப்பக்கம் கரை, அந்தப்பக்கம் குளம். எல்லாரும் கரைல வரிசையா நிக்கணும். சொல்றவங்க "குளம்"னா முன்னாடி குதிக்கணும், "கரை"ன்னா பின்னாடி குதிக்கணும், ரெண்டு காலும் சேந்து. குளம், கரை, குளம், கரைன்னு ஒரு தாளத்துல சொல்லிகிட்டே போயி திடீர்னு "கரை, கரை"ன்னு ரெண்டு தடவ சொல்லணும். அங்கதான் கூத்து. வாய் சொல்லி முடிக்கிறதுக்குள்ள முட்டி மடங்கிடும், குதிக்க ரெடியாயிடும், காதுல "கரை"ன்னு விழுந்ததும் உள்ளங்கால மண்ணுல அழுத்தி, ரெண்டு கையையும் காத்துல சுத்தி, கட்டவெரல் கோட்ட தொட்டும் தொடாம தள்ளாடி நிக்கும் பாருங்க, அந்த அரை செகண்ட்தான் எனக்கு வேணும். மூஞ்சில ஒரு சிரிப்பு வரும், தன்னையே தான் புடிச்சு வச்சுட்ட சிரிப்பு. விழுந்தாலும் பரவால்ல, மண்ணுதான. மூணு வயசு புள்ளைங்க பக்கத்து அக்கா குதிக்கிறத பாத்துட்டு குதிக்கும், அதுவே போதும். நாலு வயசுல ரூல் புரிஞ்சுடும், ஆனா கால் கேக்காது. அஞ்சு வயசுல கால் கேக்கும், அப்ப வேகத்த கூட்டலாம்.

வேகத்த கூட்டுறத விட தலகீழா மாத்துறது இன்னும் நல்ல வேலை. "இனிமே குளம்னா பின்னாடி, கரைன்னா முன்னாடி"ன்னு சொல்லிட்டு ஆடி பாருங்க, பெரியவங்களே திணறுவாங்க. என் வீட்டுக்காரரு ஒரு நாள் கைலிய மடிச்சு கட்டிட்டு பந்தாவா வந்து நின்னாரு, மூணாவது சொல்லுலயே குளத்துக்குள்ள. புள்ளைங்களுக்கு அன்னைக்கு தீபாவளி. இந்த தலகீழ் சமாச்சாரத்த ஆராய்ச்சிக்காரங்க புள்ளைங்களோட சுயகட்டுப்பாட்ட அளக்குறதுக்கே வச்சிருக்காங்க, தலைய தொடுன்னா கால தொடணும், கால தொடுன்னா தலைய தொடணும், முட்டின்னா தோள், தோள்னா முட்டி, அப்படி ஒரு டெஸ்ட். அமெரிக்கால ஓரிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியச் சேந்த ஷானா டோமினி, மேகன் மெக்லெலண்ட்னு ரெண்டு பேரு 2011ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஸ்கூல் சேரப்போற சின்னப்புள்ளைங்கள வட்டமா நிக்க வச்சு, வாரம் ரெண்டு தடவ, அரை மணி நேரம், 8 வாரம் வெளையாட்டு. ஒரு கலர காட்டுனா நில்லு இன்னொரு கலர காட்டுனா போ, அப்புறம் அதையே தலகீழா மாத்துறது, தாளம் வேகமா வந்தா வேகமா ஆடு மெதுவா வந்தா மெதுவா ஆடு, இவ்ளோதான். இதுல நல்லா தேறுனது யாருன்னா ஆரம்பத்துல ரொம்ப அடங்காம இருந்த புள்ளைங்க. ஏற்கனவே அடக்கமா இருந்ததுங்களுக்கு பெருசா வித்தியாசம் இல்ல. எனக்கு இது ரொம்ப முக்கியமான விஷயமா பட்டுச்சு, ஏன்னா நம்ம வெளையாட்டுங்கள்ல ஒரு பெரிய கோளாறு இங்கதான் இருக்கு.

என்ன கோளாறுன்னா, அவுட். எந்தப் புள்ளைக்கு நிறைய பழக்கம் தேவையோ அதுதான் மொத ரவுண்டுலயே அவுட் ஆகி திண்ணைல போயி உக்காருது. நல்லா ஆடுற புள்ளை கடைசி வரைக்கும் ஆடி இன்னும் நல்லா ஆயிடுது. இது என்ன நியாயம்? ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல ஜெயிக்கிறவங்கள கண்டுபிடிக்கணும்னா அவுட் வேணும், தெருல அஞ்சு வயசுக்கு கீழ இருக்குறதுங்களுக்கு அது எதுக்கு. எங்க வாசல்ல நாலு வயசு வரைக்கும் எல்லாரும் ஒப்புக்கு சப்பாணி, தப்பு பண்ணா எல்லாரும் சிரிச்சுட்டு அடுத்த சொல்லுக்கு போயிடுவோம். கொஞ்சம் பெருசுங்க அவுட் இல்லாம ஆடுனா சப்புன்னு இருக்குன்னு மொனகும், அதுங்களுக்கு வேற ஏற்பாடு: தப்பு பண்ணவங்க வந்து அடுத்த ரவுண்டுக்கு "குளம் கரை" சொல்லணும். சொல்ற வேலை கெடச்சதும் அவுட் ஆனதே பெருமையா போயிடும். பக்கத்து வீட்டு பொண்ணு ஒண்ணு வேணும்னே குளத்துல குதிக்கும், சொல்ற சான்ஸ் வரணும்னு. குதிச்சுட்டு போகட்டும்.

இதே வகைதான் "காக்கா பற". உக்காந்தே ஆடலாம், மழைக்கும் ஆகும், கரண்ட் போன நேரத்துக்கும் ஆகும். காக்கா பற, குருவி பற, கிளி பறன்னு சொல்லச் சொல்ல கைய தூக்கணும், நடுவுல "எரும பற"ன்னா கை தரையிலயே இருக்கணும். கோழில ஒரு சண்டை கண்டிப்பா வரும். கோழி பறக்குமா பறக்காதான்னு அரை மணி நேரம் ஓடும், எங்க மாமியாரே கொல்லப்பக்கத்துலேருந்து வந்து "முந்தா நாளு கூரை மேல ஏறுச்சே, அது எப்படி ஏறுச்சாம்"னு கேட்டுட்டு போனாங்க.

அடுத்தது செலை. நாங்க படிக்கிறப்ப "ஸ்டாச்சூ"ன்னு சொன்னா அப்படியே நின்னுடணும், "ரிலீஸ்"னு சொல்ற வரைக்கும் அசையக்கூடாது, வாயில முறுக்கு இருந்தாலும் மெல்லக்கூடாது. இப்பவும் புள்ளைங்களுக்கு அது புடிக்குது, ஆனா சின்னதுங்களால ரொம்ப நேரம் நிக்க முடியாது, பத்து எண்றதுக்குள்ள கண்ணு சிமிட்டி, மூக்க சொறிஞ்சு, கீழ உக்காந்துடும். இதுக்கு ஒரு வழி இருக்கு. சோவியத் ரஷ்யால மனுயிலென்கோங்கற மனோதத்துவ ஆய்வாளர் 1948ல செஞ்ச ஒரு பரிசோதனை இன்னைக்கும் இந்த துறைல பேசுவாங்க. புள்ளைங்கள சும்மா அசையாம நில்லுன்னு சொன்னா கொஞ்ச நேரம்தான் நின்னுச்சுங்க. அதே புள்ளைங்கள "நீதான் காவக்காரன், காவல்ல நிக்கிற"ன்னு வெளையாட்டுக்குள்ள கொண்டு வந்ததும் அத விட எவ்வளவோ அதிக நேரம் நின்னுச்சுங்க. "நில்லு"ங்குறது நம்ம ஆர்டர், காவக்காரன்ங்குறது அதுங்களோட வேஷம். வேஷத்த கெடுக்க எந்தப் புள்ளையும் விரும்பாது.

காவக்காரனுக்கு நாம ரஷ்யாவுக்கு போவணுமா என்ன, தஞ்சாவூர் போனா போதும். பெரிய கோயில் ராஜராஜன் திருவாயில்ல ரெண்டு பக்கமும் நிக்கிறாங்களே துவாரபாலகர், அவங்கள பாக்க என் பையன கூட்டிட்டு போனேன், சாமி கும்புட இல்ல, அவங்க எப்படி நிக்கிறாங்கன்னு பாக்க. ஒரு கால் தரைல ஊனி, இன்னொரு கால் கதாயுதம் மேல மடக்கி, ஒரு கை வெரல நீட்டி எச்சரிக்கை பண்ணிட்டு. காலடில ஒரு பாம்பு யானைய முழுங்கிட்டு இருக்கும், அத காட்டுனா எந்தப் புள்ளையும் அசையாம பத்து நிமிஷம் பாக்கும். யானைய முழுங்குற பாம்பு எவ்ளோ பெருசு, அந்த பாம்பே இவரு காலடில சின்னதா கெடக்குன்னா இவரு எவ்ளோ பெருசு, இவரே கைய நீட்டி உள்ள இருக்குறவரு என்னைய விட பெரியவருன்னு சொல்றாருன்னா அவரு எவ்ளோ பெருசுன்னு கேட்டேன், வாய தொறந்துட்டு நின்னான். வீட்டுக்கு வந்ததும் ரேழி வாசல்ல ரெண்டு பேரு துவாரபாலகர், ஒரு கால் செங்கல் மேல, கண்ணு உருட்டி பாக்கணும், சிரிக்கக்கூடாது. மத்தவங்க சிரிப்பு காட்டிகிட்டே உள்ள போக பாக்கணும். அசைஞ்சா உள்ள விட்டுட்டாங்கன்னு அர்த்தம், ஆள் மாத்திக்கணும். செங்கல் மேல கால் இருக்குறதால முழுசா ஒத்தக்கால் கெடையாது, பாதி ஒத்தக்கால், மூணு வயசுக்கும் முடியும். செங்கல எடுத்துட்டா அஞ்சு வயசு வெளையாட்டு. மணிக்கணக்கா கத்தி வராத அசையாம நிக்கிறது கதை ஒண்ணு கெடச்சதும் வந்துடுச்சு. தலைப்பாகைக்கு என் துப்பட்டா போச்சு, அது வேற கதை.

வேகமா பண்றத விட மெதுவா பண்றதுதான் ஒடம்புக்கு கஷ்டம்னு நெறைய பேருக்கு தெரியாது. வேகமா ஓடுறப்ப ஓடுற வேகமே நம்மள தூக்கிட்டு போயிடும், மெதுவா போறப்ப ஒவ்வொரு நொடியும் எடை எந்தக் கால்ல இருக்குன்னு ஒடம்பு கணக்கு பாத்துக்கிட்டே இருக்கணும். இதுக்கு கொக்கு நடை. நடவு வயல்ல தண்ணி நிக்கிறப்ப கொக்கு எப்படி போகுதுன்னு புள்ளைங்கள ஒரு தடவ பாக்க விடுங்க. கால தூக்கும், வெரல்லாம் மடங்கி கூம்பும், அப்படியே நிறுத்தும், தண்ணி கலங்காம கால விட்டு வெரல விரிக்கும், அதுக்கு அப்புறம்தான் எடைய முன்னாடி கொண்டு வரும். கழுத்து மட்டும் முன்ன பின்ன போகும். எங்க வெளையாட்டுல ஒருத்தர் மீன், கண்ண மூடி நடுவுல உக்காந்திருப்பாங்க. மத்தவங்கல்லாம் கொக்கு. மீனுக்கு காலடி சத்தம் கேட்டா அந்தப் பக்கம் கைய காட்டும், கை காட்டுன கொக்கு பழையபடி கெளம்புன கோட்டுக்கு போகணும். சருகு கெடக்குற மாமரத்தடில ஆடுனா இன்னும் கஷ்டம், ஒவ்வொரு எலையும் காட்டிக்குடுத்துடும். இத ஆடுறப்ப மட்டும் எங்க தெருல பறவ சத்தம் கேக்கும்.

வரப்புல நடக்குறது பத்தி தனியா சொல்லணும். எங்க தலைமுறைல யாரும் பேலன்ஸ் பீம்னு காசு குடுத்து வாங்கல, ஸ்கூலுக்கு போறதே வரப்பு மேலதான். ஒரு பக்கம் சேறு, இன்னொரு பக்கம் சேறு, கைல டிபன் கேரியர், எதிர்ல ஒரு ஆள் வந்தா ஒதுங்க எடம் கெடையாது. இப்ப வேன் வந்து வாசல்ல ஏத்திட்டு வாசல்லயே எறக்கிடுது. லீவு நாள்ல நான் கூட்டிட்டு போறேன், செருப்ப கழட்டிட்டு. வெறுங்கால்ல போனா பாதத்துக்கு வரப்போட மேடு பள்ளம் தெரியும், அந்த செய்தி மேல போனாத்தான் முட்டியும் இடுப்பும் அதுக்கு ஏத்த மாதிரி சரி பண்ணிக்கும். ஆனா ஒண்ணு, சம்பா அறுப்புக்கு கொஞ்சம் முன்னாடியே உளுந்து பயறு தெளிச்சிருப்பாங்க, அந்த நேரத்துல புள்ளைங்க வயலுக்குள்ள எறங்குனா வயலுக்காரரு சும்மா விடமாட்டாரு, நியாயம்தான். அப்ப வாசல்ல ரெண்டு கயித்த பக்கம் பக்கமா போட்டு அதுதான் வரப்பு. மொதல்ல சும்மா நடக்கணும், அப்புறம் கைல சொம்பு தண்ணி, அப்புறம் எதிர்ல ஒருத்தர் வருவாங்க, ரெண்டு பேரும் கயித்த தாண்டாம, தண்ணி கொட்டாம கடந்து போகணும். அந்தக் கடக்குற எடம்தான் ரொம்ப சுவாரஸ்யம். ஒருத்தர ஒருத்தர் கட்டிப்புடிச்சு, மெதுவா சுத்தி, "நீ கால வை, இரு இரு, இப்ப நான்"னு பேசிப்பாங்க பாருங்க, வீட்ல ஒரு பொம்மைக்கு மண்டைய ஒடச்சுக்குற அதே ரெண்டு பேருதான்.

தட்டாமாலை சுத்துறதுக்கு எல்லா வீட்லயும் திட்டு விழும், தல சுத்தும் விழுந்துடுவன்னு. தல சுத்தத்தான் சுத்துதுங்க. உள்காதுல தண்ணி மாதிரி ஒரு திரவம் இருக்கு, நாம சுத்துறப்ப அதுவும் சேந்து சுத்தும், நாம நின்னுட்டாலும் அது உடனே நிக்காது, அதனாலதான் நின்னப்புறமும் தெருவே சுத்துற மாதிரி இருக்கும். கண்ணு ஒண்ணு சொல்லுது, காது ஒண்ணு சொல்லுது, பாதம் ஒண்ணு சொல்லுது, மூணையும் வச்சு மூளை நிதானத்துக்கு வரப் பழகுது. நான் பண்ற ஒரே மாத்தம், சுத்தி முடிச்சதும் விழாம கோலத்துக்கு நடுவுல போயி நிக்கணும். ரெண்டு மூணு சுத்து போதும், பக்கத்துல கல்லு, படிக்கட்டு இல்லாம பாத்துக்கணும், சாப்ட்ட கையோட வேணவே வேணாம்.

நொண்டியும் பாண்டியும் கொஞ்சம் வளந்தப்புறம்தான். மூணு வயசுல ஒத்தக்கால்ல ஓரிரு செகண்ட் நின்னாலே பெருசு, நாலுலேருந்து அஞ்சுக்குள்ள நொண்டி அடிக்க வரும், பாண்டிக்கு அதுக்கு மேல, ஏன்னா அதுல நொண்டியடிச்சுட்டே குனிஞ்சு சில்ல எடுக்கணும், கோட்ட மிதிக்கக்கூடாது, திரும்பணும், ஒரே நேரத்துல நாலு வேலை. சின்னதுக்கு கட்டத்த பெருசா போட்டு ரெண்டு காலால தாண்ட விடுங்க, போதும். ஆம்பளப் புள்ளைங்க பாண்டி ஆடக்கூடாதுன்னு எங்க தெருல ஒரு பெருசு சொல்லிட்டு திரியுது. ஆடுற புள்ளைங்க காதுல அது விழல.

கைக்கொழந்தைக்கே நம்ம ஊர்ல இதெல்லாம் தொடங்கிடுது. பிள்ளைத்தமிழ்ல பருவம் பருவமா பிரிச்சு வச்சிருக்காங்கல்ல, செங்கீரைன்னா என்ன? ரெண்டு கையையும் தரைல ஊனி, ஒரு கால மடக்கி, இன்னொரு கால நீட்டி, தலைய தூக்கிப் பாத்து ஆடுறது, 5ஆம் மாசம்னு கணக்கு. சப்பாணின்னா உக்காந்து ரெண்டு கையும் சேத்து கொட்டுறது, 9ஆம் மாசம். அப்புறம் நடந்து வர்றது, கடைசில ஆம்பளப் புள்ளைக்கு சிறுதேர் உருட்டுறது, பொம்பளப் புள்ளைக்கு ஊசல். ஒடம்ப எந்த வரிசைல ஆளக் கத்துக்குதுங்கறத பாத்து பாத்துதான் எழுதியிருக்காங்க. என் நாத்தனார் அவங்க கொழந்தைய வாக்கர்ல போட்டு வச்சிருந்தாங்க, எங்க மாமியார் தூக்கி பாய்ல போட்டுட்டாங்க, "அது தரைல கெடந்து பொரளட்டும்"னு. டாக்டருங்களும் வாக்கர் வேணாம்னுதான் சொல்றாங்க.

சிறுதேர்னு சொன்னதும் சப்பரம் ஞாபகம் வருது. ஆடிப்பெருக்குக்கு எங்க பக்கம் புள்ளைங்க சின்ன சப்பரம் கட்டி இழுத்துட்டு ஆத்தங்கரைக்கு போகும். மரச்சக்கரம், மேல சாமி படம், கலர் பேப்பர். அது நெறைய சாய்ற சாமான், கயித்த வெடுக்குன்னு இழுத்தா கவுந்துடும், மெதுவா இழுத்தா பள்ளத்துல மாட்டிக்கும், எங்க எவ்ளோ பலம் போடணும்னு கையி தானா கத்துக்கணும். பலத்த அளந்து போடத் தெரியாத புள்ளைதான் பென்சில் முனைய ஒடைக்கும், கூட வெளையாடுற புள்ளைய ஆசையா கட்டிப்புடிச்சு அழ வைக்கும், கெட்ட எண்ணத்துல இல்ல. எங்க வீட்ல வருசம் பூரா ஒரு சப்பரம் ஓடுது, அட்டைப்பெட்டில கயிறு கட்டி, உள்ள தலையாட்டி பொம்மை ராணிய நிக்க வச்சு. பொம்மை தல ஆடலாம், பொட்டிலேருந்து கீழ விழக்கூடாது. அதுக்கு அடி கனம், சாய்ஞ்சாலும் நிமிந்துடும், அதனால தோத்துட்டோம்னு அழுகையும் இல்ல. மெதுவா இழுக்க சொல்றப்ப "ராணிக்கு தல வலிக்குது"ன்னு சொன்னா போதும்.

எவ்ளோ நேரம் ஆட விடணும்னு கேக்குறாங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்ன கணக்குப்படி மூணு நாலு வயசு புள்ளைங்க ஒரு நாளைக்கு 180 நிமிஷமாவது ஒடம்ப அசைச்சு ஆடணும், அதுல 60 நிமிஷம் மூச்சு வாங்குற அளவுக்கு. ஒரே மூச்சுல இல்ல, நாள் பூரா சேத்து. உக்காந்து ஸ்கிரீன் பாக்குறது ஒரு மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது, கொறைய கொறைய நல்லது. வேன்ல முக்கா மணி நேரம், க்ளாஸ்ல அஞ்சு மணி நேரம், டியூஷன்ல ஒரு மணி நேரம், எல்கேஜிக்கு டியூஷன்! அப்புறம் மூணு மணி நேரம் எங்கேருந்து வரும்? நான் சொன்ன நில்லு வெளையாட்டுங்களுக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் போதும், அதுக்கு மேல புள்ளைங்க தாங்காது, மிச்ச நேரம் சும்மா ஓட விடுங்க. மொதல்ல ஓட விட்டு மூச்சு வாங்குனப்புறம்தான் கொக்கு நடையெல்லாம் எடுபடும், வேன்லேருந்து எறங்குன கையோட "மெதுவா நட"ன்னா நடக்காது.

இதெல்லாம் வைத்தியம் கெடையாது, அதையும் சொல்லிடறேன். அடிக்கடி காரணமே இல்லாம விழுறது, எப்பவும் நுனிக்கால்லயே நடக்குறது, ஒரு பக்கக் கைய காலையே ஒதுக்குறது, நேத்து வரைக்கும் செஞ்சத இன்னைக்கு செய்ய முடியாம போறது, இப்படி இருந்தா குழந்தை டாக்டர்ட்ட காட்டுங்க. டி.இ.ஐ.சி.ன்னு குழந்தைங்களோட வளர்ச்சிய பாக்குறதுக்குன்னே மாவட்டத்துக்கான மையம் இருக்கு, அரசு ஆஸ்பத்திரில கேட்டா சொல்லுவாங்க, காசு கெடையாது. "அவங்க அப்பாவும் இப்படித்தான் லேட்டு"ன்னு பாட்டிங்க சொல்றத கேட்டுட்டு வருசத்த ஓட்ட வேணாம். இன்னொண்ணு, மேட்டூர் தொறந்து வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சுன்னா குளம் கரை வெளையாட்ட நெசக் குளத்துக்கிட்டயோ மதகுக்கிட்டயோ ஆட விடவே கூடாது. நேத்து காஞ்சு கெடந்த வாய்க்கால்னு புள்ளைங்க நெனச்சுட்டு எறங்கிடும்.

ஐப்பசி அடைமழைல என்ன பண்றீங்கன்னு எங்க அண்ணி போன்ல கேட்டாங்க, அவங்க கும்பகோணத்துல மாடி வீடு, கீழ் வீட்டுக்காரங்க சத்தம் வருதுன்னு சண்டைக்கு வருவாங்களாம். அதுக்கு குதிக்காத வெளையாட்டா எடுக்கணும். ஆளுக்கு ஒரு சாக்கு, தரைல விரிச்சு போட்டு. எவர்சில்வர் தூக்குல கரண்டியால தாளம் தட்டுங்க, தட்டுற வரைக்கும் கூடத்த சுத்தி நடக்கணும், மெதுவா தட்டுனா மெதுவா, வேகமா தட்டுனா வேகமா, நிறுத்துனா அவங்கவங்க சாக்கு மேல போயி நிக்கணும். ஒவ்வொரு தடவையும் சாக்க பாதியா மடிச்சுகிட்டே வாங்க. கடைசில உள்ளங்கை அளவு எடத்துல ஒத்தக்கால்ல நிக்கணும், ரெண்டு பேருக்கு ஒரு சாக்குன்னு வச்சா இன்னும் ஜோரு. பேப்பர்ல பண்ணாதீங்க அண்ணி, டைல்ஸ்ல வழுக்கும், சாக்ஸ் போட்டிருந்தா அதையும் கழட்டிடுங்க. கீழ் வீட்டுக்காரங்களுக்கும் ஒரு புள்ள இருக்குன்னீங்கல்ல, அதையும் மேல கூப்பிட்டுக்குங்க, சண்டைக்கு வர மாட்டாங்க.